சோலைச்சாமி கலக்கிய பால்

உப்போடைப்பட்டி விலக்கில் சித்திரை மாதம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பஸ் வந்து சேர்வதற்குள் ஒரு சுற்று இளைத்துப்போவார்கள். ஏறுகிற ஆளுக்கு முழு டிக்கெட் கிழிப்பதா அரை டிக்கெட் கிழிப்பதா என்று திருச்சுழி பஸ் கண்டக்டர் குழம்பி நின்றதாக ஊரில் சத்தியம் செய்வார்கள். கருவேலமரம் தன் நிழலை யாருக்கும் கொடுக்காமல் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு நிற்கும்.

அப்படியொரு வெயிலில்தான் தங்கமாரி மில் வேனிலிருந்து இறங்கினாள். இறங்கும்போதே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. விலக்குக்கும் வீட்டுக்கும் நடுவில் பருத்திக்காடு, கண்மாய்க்கரை, கோயில் பொட்டல் எல்லாம் கிடக்கின்றன. அத்தனையையும் தாண்டி நாலு மாதப் பிள்ளையின் சத்தம் வருமா என்று கேட்டால், வரும். பால் கட்டின மார்போடு நிற்கிறவளுக்கு ராமேஸ்வரத்தில் அழுதாலும் கேட்கும்.

கையில் தெர்மாகோல் பெட்டி இருந்தது. உள்ளே மில் கேண்டீனில் வாங்கிய ஐஸ்கட்டி. அதற்கு நடுவே அவள் எடுத்து வைத்த பால், சின்னச் சின்னப் பாட்டில்களில். விடியுமுன்னே அருப்புக்கோட்டைக்கு வேன் ஏறிப் போய், நூல் அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி முடிச்சுப் போட்டுவிட்டு, நடுவே சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கிய இடைவெளியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்றும் அறையின் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கைப்பம்பை அமுக்கி அமுக்கி எடுத்த பால். தலைமுடி முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தது. காலையில் குமரியாக ஏறுகிற பிள்ளை மத்தியானம் கிழவியாக இறங்குகிறது என்று வேன் டிரைவர் தினமும் சொல்லுவான். தினமும் சொல்லுவதால் அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

வீட்டு வாசலில் மாமனார் சோலைச்சாமி பேரனைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தார்.

"வா தாயி. நிக்காம அழுவுறான். அவுக அப்பன் தொண்டை அப்படியே இருக்கு. நாக்பூருக்குக் கேக்கும் போல."

"குடிச்சானா மாமா?"

"குடிச்சான். பாதியில வாய இறுக்கிக்கிட்டான். மிச்சத்த நீ சொன்ன மாதிரி முருங்கை மூட்டுல ஊத்திட்டேன். அந்த முருங்கை இனிமே காய் காய்க்காது, பிள்ளைதான் காய்க்கும்."

"ஒன்னுக்குப் போனானா?"

"காலையில நனைச்சான். அதுக்குப் பெறகு நனைச்சானோ என்னமோ. இந்த வெயில்ல நனைச்சாத் தெரியவா செய்யிது? தொட்டில விலக்கிப் பாக்குறதுக்குள்ள காஞ்சி மொடமொடன்னு நிக்கிது துணி."

அதுவும் சரிதான் என்று தங்கமாரிக்குத் தோன்றியது. யோசிக்கத் தெம்பு இருக்கிறவளுக்குத் தோன்றியிருக்காது. கை கால் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கி மடியில் போட்டாள். பாண்டீஸ்வரன் என்று பெயர். பெயரின் கனம்கூட ஆள் இல்லை. மார்பைக் கண்டதும், வருசக்கணக்கில் வறண்டு கிடந்த கிணற்றில் மோட்டார் போட்டது மாதிரி இழுத்தான். இழுக்க இழுக்க அவளுக்குக் கண் சொருகியது.

புருசன் செல்வக்குமார் நாக்பூரில் முறுக்குப் போடுகிற வேலை. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போன் பேசுவான். இவள் காதில் முறுக்கு பொரிகிற சத்தம்தான் பாதி கேட்கும். மாமியார் அழகுத்தாய் மூன்று வருசத்துக்கு முன்னால் கிட்னி கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். மில்லில் பிரசவ லீவு முடிந்ததும் வரச் சொன்னார்கள். வேலைக்குப் போக ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பால் குறைந்தது. எடுத்து வைப்பது பகல் முழுவதற்கும் பத்தவில்லை. டாக்டர் ஒரு பவுடர் டின் எழுதிக் கொடுத்தார். பிள்ளையைப் பகலில் பார்க்க வீட்டில் இருந்த ஒரே ஆள் சோலைச்சாமி.

சோலைச்சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலக்கில் முப்பது வருசம் டீக்கடை போட்டவர். அவருடைய டீயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிற கல்யாண போஸ்டரில் மாப்பிள்ளையின் படிப்பு வரைக்கும் வாசிக்கலாம். அரை லிட்டர் பாக்கெட் பாலை வைத்து ஒரு கட்சி மாநாட்டுக்கே டீ ஊற்றி, மிச்சத்தில் தயிருக்கு உறையும் குத்திவிட்டார் என்பார்கள். கடையை மூடியபோது அவர் வீட்டுக்குத் தூக்கிவந்த ஒரே சொத்து பழைய ஃபிரிட்ஜ். அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, புதிதாக வருகிறவர்கள் உள்ளே மாவு மில் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆனால் குளிரும். குளிர்வதில் குறை சொல்ல முடியாது.

அந்த ஃபிரிட்ஜில்தான் பால் இருந்தது. கதவில் வைக்கக் கூடாது, திறந்து மூடினால் சூடு ஏறும், உள்ளே பின்பக்கம் தள்ளி வைக்க வேண்டும் என்று தங்கமாரி சொல்லியிருந்தாள். ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் மில்லில் கழித்துப் போட்ட கலர் நூல் கட்டியிருக்கும். நேற்று எடுத்தது பச்சை, இன்று எடுத்தது சிவப்பு. பழசு முதலில் போக வேண்டும், பிள்ளை வாய் வைத்த பாட்டிலைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. சோலைச்சாமி இதில் இம்மி பிசகவில்லை. தன் பங்குக்கு, ஊர்க் கண் படாமல் இருக்க ஃபிரிட்ஜுக்குள் ஒரு அடுப்புக்கரியும் மூன்று மிளகாய்வத்தலும் வைத்தார். அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக நடந்தும் பிள்ளை தேறவில்லை. மலம் ஆட்டுப்புழுக்கை மாதிரி இறுகி வந்தது. மத்தியானம் முழுக்க அழுகை.

மறுநாள் மில்லில் நூல் கோர்த்துக்கொண்டே ஈஸ்வரியிடம் சொன்னாள். ஈஸ்வரி மல்லாங்கிணறுக்காரி; வாயில் கத்தியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவள்.

"ஏத்தா, ஒங்க மாமனாரு யாருன்னு மறந்துட்டியா? அவுக டீய வாய் கொப்புளிக்கிற தண்ணின்னு நெனச்சு எங்கப்பா துப்பிட்டாரு. அந்தக் கையில பால் பவுடரக் குடுத்தா என்ன செய்வாரு? ஒரு கரண்டிக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துவாரு."

"போக்கா. பேரனுக்கு அப்படிச் செய்வாகளா?"

"வேணும்னா செய்றாரு? கை பழக்கம். முப்பது வருசத்துக் கை. அது பாட்டுக்கு ஊத்திரும்."

அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சு ராட்டையோடு சுற்றியது. சாயங்காலம் சோறு போட்டு வைத்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, பவுடருக்குத் தண்ணி கொஞ்சம் கூட ஊத்திருறீகளோ?"

சோலைச்சாமி பிசைந்த கையை நிறுத்தினார். கருவாட்டுக் குழம்பு விரலிடுக்கில் வடிந்தது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மாதான்."

"ஊர்ல சொல்லுவாங்ஞ. சோலைச்சாமி தண்ணி ஊத்துவான்னு. யாவாரத்துல ஊத்துனேன், இல்லைங்கல. பேரன் வயித்துல ஊத்துவேனா?" சுவரில் ஃபிரிட்ஜுக்கு மேலே மாலை போட்டிருந்த அழகுத்தாயின் போட்டோவைக் காட்டினார். "அவ மேல சத்தியமாச் சொல்றேன். தண்ணி கூட ஊத்துனா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்."

அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. தங்கமாரி தட்டைக் கழுவும்போது தன்னையே திட்டிக்கொண்டாள். இந்த வீட்டில் பிள்ளையைத் தூக்க இன்னொரு கை கிடையாது. அந்தக் கையையும் முறித்துக்கொண்டால் பிள்ளையை எங்கே போட்டுவிட்டு வேன் ஏறுவது?

புதன்கிழமை தடுப்பூசி. ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, திருச்சுழி ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். ரத்தினம் சிஸ்டர் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். போன தடவையைவிட எடை ஏறவில்லை, இறங்கியிருந்தது. பிள்ளையின் வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தார்.

"நாக்கு காஞ்சிருக்கேம்மா. ஒன்னுக்கு எத்தனை தடவை போறான்?"

"தெரியல சிஸ்டர். வெயில்ல துணி காஞ்சிருதுன்னு மாமா சொன்னாக."

"துணி காயட்டும், கறை இருக்கும்ல? நாத்தம் இருக்கும்ல? மூத்திரம் என்ன சாமி தண்ணியா, வாசனையில்லாமப் போக?" சிரிக்காமல்தான் கேட்டார். "ஊசி பெறகு. இப்பவே டாக்டர்ட்டக் காட்டணும். பகல்ல யாரு பால் கலக்குறா?"

"மாமனாரு."

"கலக்குறத நீ பாத்துருக்கியா?"

தங்கமாரி யோசித்தாள். விடியுமுன் போகிறாள். பிள்ளை பால் குடிக்கிற நேரத்துக்கெல்லாம் அவள் மில்லில் இருக்கிறாள். வீட்டில் இருக்கிறபோது அவளே மடியில் போட்டுக்கொள்கிறாள், பாட்டிலுக்கு வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சொல்லிக் கொடுத்தாள், செய்வதைப் பார்த்ததே இல்லை.

"அவரையே கூப்பிடு," என்றார் சிஸ்டர். "பாட்டிலு, டின்னு எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லு. இங்க வந்து கலக்கட்டும்."

டாக்டர் பார்த்து, கட்டிலில் படுக்க வைக்கச் சொல்லி, பிள்ளையின் பிஞ்சுக் கையில் குளுக்கோஸ் ஊசி குத்துகிற நேரத்துக்குள் சோலைச்சாமி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். தெர்மாகோல் பெட்டி ஒரு கையில், டின் ஒரு கையில், கக்கத்தில் சுடுதண்ணிப் பிளாஸ்க். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார்.

"எப்பவும் செய்ற மாதிரி செய்ங்கய்யா," என்றார் சிஸ்டர்.

சோலைச்சாமி கையைக் கழுவினார். பெட்டியிலிருந்து பச்சை நூல் கட்டிய பாட்டிலை எடுத்தார்; சிவப்பு நூலைத் தொடவில்லை. ஒரு கிண்ணத்தில் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, பாட்டிலை அதில் நிறுத்தி, குளிர் போகும்வரை காத்திருந்தார். "அடுப்புல வைக்கப்படாது," என்று சிஸ்டருக்கே பாடம் சொன்னார். பிறகு அந்தத் தாய்ப்பாலை, கொதிக்க வைத்துக் கழுவிய பால்புட்டியில் ஊற்றினார். டின்னைத் திறந்தார். கரண்டியில் பவுடரை அள்ளி, கத்தி முதுகால் வழித்து மட்டமாக்கி, புட்டியில் இருந்த தாய்ப்பாலில் போட்டார். அடுத்த கரண்டி. அடுத்தது. மூடியை மாட்டி, டீ மாஸ்டருக்கே உரிய சுழற்று ஒன்று சுழற்றினார். கெட்டிப் பால், சுண்டக் காய்ச்சியது மாதிரி கண்ணாடியில் ஒட்டியது.

தங்கமாரி கிட்டே வந்து புட்டியைப் பார்த்தாள்.

"தண்ணி எங்க மாமா?"

"தண்ணியா?"

"பவுடருக்கு."

"தண்ணி எதுக்கு தாயி? அதான் பாலு இருக்கே."

"டின்னுல தண்ணியிலதான் கரைக்கணும்னு போட்ருக்கு. நானும் சொன்னேன்."

"டின்னுல போட்டவன் நம்ம ஊர்த் தண்ணியக் குடிச்சுருக்கானா?" சோலைச்சாமி புட்டியைக் கீழே வைக்கவில்லை. "போருத் தண்ணி அம்புட்டும் உப்பு, துணி தொவச்சா சோப்பு நொரைக்காது. தாமிரபரணித் தண்ணி வருதுங்குறான். டேங்குல அதப் பாதி, போரப் பாதி கலக்கித்தான தெறக்குறான்? கேன் தண்ணியும் எந்தப் போருல புடிச்சதோ. ஒங்க அத்தைய மதுரைக்குக் கொண்டு போனப்ப அந்த டாக்டரு பேரக் கேக்கல, வயசக் கேக்கல. மொதல்ல எந்த ஊர்த் தண்ணி குடிக்கிறீகன்னுதான் கேட்டாரு. நாளும் வாரமுமா ஊசி குத்திக் குத்தி அவ கையி கருத்துப் போச்சு. அந்தத் தண்ணிய இந்தப் பிஞ்சுக்கு ஊத்துவேனா? கூட ஊத்தலைன்னு சத்தியம் பண்ணேன்ல? ஊத்தவே இல்ல. ஒரு சொட்டு ஊத்தல."

ஊரெல்லாம் தண்ணி ஊற்றின கை. கண்டக்டர், போலீஸ்காரர், பஞ்சாயத்துத் தலைவர், பெண் பார்க்க வந்தவர், எழவுக்கு வந்தவர், யாருக்கும் பாரபட்சம் பார்க்காமல் ஊற்றின கை. வாழ்நாளில் ஒரே ஒரு உசுருக்குத்தான் ஊற்றாமல் கலக்கியிருக்கிறது.

ரத்தினம் சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர். திட்டக்கூட அலுப்பாக இருந்தது போல, மெதுவாகத்தான் சொன்னார்.

"அய்யா, தாய்ப்பால்லயே அதுக்கு வேண்டிய சத்து, உப்பு எல்லாம் இருக்கு. பவுடர்லயும் இருக்கு. ரெண்டையும் தண்ணியில்லாம ஒன்னாக் குடுத்தா, அத வடிச்சு வெளியேத்தப் பிள்ள கிட்னிக்குத் தண்ணி பத்தாது. ஒடம்புல இருக்குற தண்ணியவும் இழுத்துரும். உப்புக்குப் பயந்துக்கிட்டு உப்பையே குடுத்துருக்கீங்க."

சோலைச்சாமி கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். யாரோ தன் கையில் வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு கட்டிலடியில் குத்தவைத்து உட்கார்ந்தார். முப்பது வருசம் டீக்கடையில் வாய் மூடாத மனிதர் பேசாமல் உட்கார்ந்ததில், பக்கத்துக் கட்டில்காரி அவரையும் நோயாளி என்று நினைத்து ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள்.

தங்கமாரிக்குக் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் நிற்க மாட்டாமல் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டது. சொட்டுச் சொட்டாக இறங்குகிற குளுக்கோஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து வந்து பார்த்தார். பிள்ளையை இடையிடையே மாரில் போடச் சொன்னார். போட்டாள். அவன் இழுத்தான், தூங்கினான், இழுத்தான். ஜன்னலுக்கு வெளியே வெயில் சிவந்தது.

"கொஞ்சம் புடிங்க மாமா. கையி மரத்துப் போச்சு."

அவர் தலையை ஆட்டினார். "வேணாம் தாயி. எங்கையில வேணாம்."

"வேற யாரு கையில குடுக்க? நாக்பூருக்கு அனுப்பவா? புடிங்க."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடிச் சாமான் பிடிப்பது போல முழங்கையை அசைக்காமல் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் போயிற்று. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"தாயி."

"என்ன மாமா?"

"நனைச்சுட்டான்."

வேட்டியில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது. உப்போடைப்பட்டிக் கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்த வருசத்தில்கூட அந்த ஊர்க்காரன் எவனும் தண்ணியை அப்படிப் பார்த்ததில்லை.

"பிள்ளையக் குடுங்க, துணி மாத்துறேன்."

"இருக்கட்டும்," என்றார் சோலைச்சாமி. "காயிற வரைக்கும் இருக்கட்டும்."

மறுநாளுக்கு மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ரத்தினம் சிஸ்டர் அவரைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

"தாய்ப்பால மொதல்ல தனியாக் குடுங்க, அது வீணாப் போகப்படாது. பத்தலைன்னா பெறகு பவுடர். ஒரே புட்டியிலதான் குடுக்கணும்னா மொதல்ல கொதிக்க வச்ச தண்ணி, டின்னுல போட்ட அளவு. அதுல பவுடரு. கரைஞ்சு ஆறுன பெறகுதான் தாய்ப்பாலு. தண்ணியக் கண்டு பயந்தது தப்பில்லய்யா. போருத் தண்ணி வேணாம், கொதிக்க வச்சாலும் உப்புப் போகாது. உப்பு எடுத்த கேன் தண்ணி வாங்குங்க. அதையும் கொதிக்க வச்சுத்தான் ஊத்தணும்."

"எவ்வளவு தண்ணின்னு ஒருக்கச் சொல்லுங்கம்மா."

சொன்னார். சோலைச்சாமி திரும்பக் கேட்டார். சிஸ்டர் திரும்பச் சொன்னார். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் சோலைச்சாமி அதையே முனகிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து சோலைச்சாமி கேன் தண்ணிக்காக டி.வி.எஸ்ஸில் திருச்சுழிக்கே போனார். வாசலில் வந்து இறங்குகிற கேனை நம்பவில்லை. கடைக்காரன் முன்னாலேயே ஒரு வாய் ஊற்றிக் குடித்து, நாக்கைச் சப்புக் கொட்டி, கண்ணை மூடி யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அவர் வருகிறார் என்றால் கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்குவான் என்று பேச்சு.

இன்னொரு பழக்கமும் வந்தது. பால் கலக்கும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கலப்பார். தங்கமாரி மில்லுக்குப் போன நேரத்தில் போட்டோவைப் பார்த்துச் சொல்லுவார். "அழகுத்தாயி, தண்ணி ஊத்தியாச்சு." டீக்கடையில் 'ரெண்டு டீ, ஒரு காப்பி' என்று கூவின தொண்டை; தெரு முழுக்கக் கேட்கும். கேட்டவர்கள், ஒருவழியாகச் சோலைச்சாமி தண்ணி ஊற்றுவதை ஒத்துக்கொண்டார் என்று சிரித்தார்கள்.

தங்கமாரி சிரிக்கவில்லை. வீட்டில் இருக்கிறபோதெல்லாம் ஒரு நேரமாவது அவரைக் கலக்கச் சொல்லி, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். கால் கடுக்கும். இருந்தாலும் நின்றாள். அவர் சொல்லச் சொல்ல "ம்" கொட்டுவாள். அவள் "ம்" சொல்லாமல் அவர் அடுத்த வேலைக்குப் போவதில்லை. பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஏன் பார்க்கிறாய் என்று அவர் கேட்டதில்லை. பிள்ளைக்கு எடை ஏறியது. துணி கொடியில் எந்நேரமும் தொங்கியது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மில்லில் ஆள் இல்லையென்று முந்தின நாள் சேர்த்து இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தாள். மத்தியானம், ஃபிரிட்ஜ் மாவு மில்லாக ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிலில் பிள்ளை சிணுங்கியதும் எழுந்திருக்கப் பார்த்தாள், இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ படு தாயி. நான் பாத்துக்கிறேன்."

வெறும் தரையில் புடவை முந்தானையை விரித்துப் படுத்திருந்தவள் அப்படியே கிடந்தாள். அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தம் வந்தது. கை கழுவுகிற சத்தம். கொஞ்சம் பொறுத்து வழக்கமான குரல்.

"தண்ணி ஊத்தியாச்சு தாயி."

கேட்டது. "ம்" என்று சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்து தலையைத் திருப்பினால் நிலை வழியாக அவர் கை தெரியும். அவள் திருப்பவில்லை. "ம்" சொல்லவும் இல்லை.

அவர் காத்திருந்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்திருப்பார் போல. நிலையருகே காலடி வந்து நின்றது. முடியில் ஒட்டின பஞ்சைக்கூடத் தட்டாமல் கிடந்தாள் அவள். காலடி திரும்பிப் போயிற்று. அடுத்து வந்த குரல், முப்பது வருசத்தில் அந்தத் தொண்டை எழுப்பியிராத மெல்லிய குரல்.

"பவுடரு போடுறேன். மட்டமாத்தான்."

கரண்டியை வழிக்கிற சத்தம்.

"கரைஞ்சிருச்சு. ஆறட்டும்."

ஃபிரிட்ஜ் கதவு திறந்து மூடியது.

"பச்ச நூலு. இதான் ஒன் பாலு."

அதுவரைதான் அவளுக்குக் கேட்டது.